பவளத் தொட்டியில் நிறமான ராஸ் மீன் விடலாமா? முதலில் அதன் படுக்கையைப் பாருங்கள்

கேள்வி: ஆறு மாதமாகக் கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். நிறமான ராஸ் மீன் ஒன்று விட ஆசை. புதிதாக வளர்ப்பவர் எந்த வகையை வாங்கலாம்? பவளத்தைக் கெடுத்துவிடுமா?

பதில்:

பவளத்தைக் கெடுக்காது. ராஸ் (wrasse) என்பது ஒரு கடல் மீன் குடும்பம். வீட்டுத் தொட்டிக்கு வரும் அதன் சிறிய வகைகளில் பெரும்பாலானவை பவளத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பாறையிலும் மணலிலும் ஊரும் சின்னஞ்சிறு உயிர்கள்தான் அவற்றுக்கு வேண்டும். பவளத்தைப் பற்றிக் கேட்டதற்கு விடை இவ்வளவுதான். கேட்காத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அந்த மீன் இரவில் எங்கே படுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் ஒரு மீனைக் கொன்றேன்.

உங்கள் தொட்டியும் அன்றைய என் தொட்டியைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கடி நீளம், நடுவில் உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), இரண்டு கோமாளி மீன்கள், கழுவ எளிது என்று மெல்லியதாகப் பரப்பிய மணல். ஒரு மூலையில் மட்டும் பம்பின் நீரோட்டம் மணலை ஒதுக்கி மூன்று விரல் கனத்துக்குக் குவித்திருந்தது. மேலே கண்ணாடி மூடி. அதையும் நான் பாதி நேரம் எடுத்தே வைத்திருப்பேன்.

அதில்தான் மெலனூரஸ் ராஸ் ஒன்றை விட்டேன். பெண் மீன், விரல் நீளம். உடல் நெடுக ஆரஞ்சுக் கோடுகள், முதுகுத் துடுப்பில் கண் போன்ற கரும்புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் இன்னொன்று. பையிலிருந்து விட்டதும் தொட்டியை ஒரு சுற்று வந்தது. பிறகு அந்த மூலைக்குப் போய்த் தலைகீழாக மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

அன்று இரவு அதிசயமாக இருந்தது. மறுநாள் கவலை வந்தது. மூன்றாம் நாள் பயம். மீன் உள்ளேயே செத்து அழுகினால் அம்மோனியா ஏறும், மற்ற மீன்களும் பவளமும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். விற்றவரிடம் கேட்டபோது, "வந்துவிடும்" என்றார், காரணம் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "தோண்டிப் பார்த்துவிடுங்கள், சந்தேகத்தோடு இருக்கக் கூடாது" என்றார். அவர் மேல் பழி போடவில்லை. தோண்டியது என் கைதான்.

நான்காம் நாள் இரவு. மனைவி டார்ச் பிடித்துக்கொண்டாள். மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன். பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மணலுக்குள் விட்டு மெதுவாகக் கிளறினேன். இரண்டாவது கிளறலில் மணல் வெடித்தது போல இருந்தது. ஆரஞ்சுக் கோடு ஒன்று பாறையில் மோதியது, திரும்பியது, நேராக மேலே போனது. டார்ச் வெளிச்சத்தில் அது விளிம்பைத் தாண்டியதை இருவரும் பார்த்தோம். தொட்டி மேசைக்கும் சுவருக்கும் இடையில் விழுந்தது. மேசையை நகர்த்த முடியாது, முந்நூறு லிட்டர் தண்ணீர். மரக்கரண்டியால் வெளியே தள்ளி எடுக்கச் சில நிமிடங்கள் ஆகின. உயிர் இருந்தது. தண்ணீரில் விட்டதும் மூச்சுவிட்டது. ஆனால் விலாவில் செதில் உரிந்திருந்தது. இரண்டு நாள் பாறையோரம் சாய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் உயிர் இல்லை.

நான் தோண்டியபோது அந்த மீன் செத்திருக்கவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தது. மெலனூரஸ், மஞ்சள் நிறத்தில் மின்னும் கிரைசஸ் போன்ற ஹாலிகோரிஸ் பேரினத்து மீன்கள் மணலுக்குள் புதைந்துதான் உறங்கும். மிரண்டாலும் அங்கேதான் ஓடும். புது இடத்துக்கு வந்தால் பல நாள் வெளியே வராமல் இருப்பதும் இயல்பு. தொலைதூரக் கடலிலிருந்து வந்த மீன் முதல் சில நாட்கள் தன் பழைய ஊரின் பகலிரவுப்படியே விழித்து உறங்கும். நாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் அது எழுந்து உலாவிவிட்டுத் திரும்பப் புதைந்திருக்கலாம். என் மீனும் அப்படி வந்து போயிருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

"படிக்காமல் ஏன் வாங்கினாய்?" என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். படித்தேன். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி, நைட்ரேட் அளவு எல்லாம் படித்தேன். மீன் தூங்கும் என்பதைப் படிக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத செய்தி, அதனால் யாரும் சொல்வதில்லை. "கடல் மீனைப் பிடித்து வீட்டில் வைப்பதே கொடுமை" என்பவர்களும் வருவார்கள். அவர்களோடு நான் சண்டை போடப் போவதில்லை. சில இடங்களில் சயனைடு தெளித்து மீன் பிடித்திருக்கிறார்கள் என்பது உண்மை. எப்படிப் பிடித்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், பதில் சொல்ல மறுத்தால் வாங்காமல் திரும்புங்கள் என்பது மட்டும் என் பக்கத்துச் சொல்.

பெயரையும் கேளுங்கள். அறிவியல் பெயரைக் கேளுங்கள். எனக்கு விற்றது "வண்ண ராஸ்" என்ற பெயரில். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எதைத் தேடுவது? மாலத்தீவில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு தேவதை ராஸ் உண்டு. அதைத் தனி இனமென்று அறிவியலாளர்கள் கண்டு, சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று பெயரிட்டது 2022-ல்தான். மாலத்தீவின் மொழியான திவேகியில் ரோஜாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதை விவரித்தவர்களில் மாலத்தீவைச் சேர்ந்த ஆய்வாளரும் ஒருவர். ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதற்கு முன்பே அந்த மீன் தொட்டி வணிகத்துக்குள் வந்துவிட்டது. என்னவென்று தெரியாமலே விற்று, என்னவென்று தெரியாமலே வாங்கியிருக்கிறார்கள்.

பெயர் தெரிந்தால்தான் படுக்கை தெரியும். தேவதை ராஸ் எனப்படும் சிர்ரிலாப்ரஸ் வகையும், துடுப்பை விரித்து மின்னிக்காட்டும் பாராகைலினஸ் வகையும் மணலில் புதைவதில்லை. பாறை இடுக்கில் தங்களைச் சுற்றிச் சளியால் உறை கட்டிக்கொண்டு அதற்குள் உறங்கும். காலையில் அந்த உறையைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். ஆறுகோட்டு ராஸும் பாறையில் படுப்பதுதான். அழகான மீன், பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது, ஆனால் தனக்குப் பின்னால் வரும் மீன்களை ஓட ஓட விரட்டும். வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசியாக விடுங்கள்.

வாங்கவே வேண்டாம் என்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். செஞ்சிவப்பில் வெள்ளைத் திட்டுகளோடு கோரிஸ் கைமார்டு என்ற ராஸின் குஞ்சு விற்பார்கள். பார்த்தால் கை நீளும். அது 40 சென்டிமீட்டர் வரை வளரும், நத்தையையும் நண்டையும் தின்னும், பாறையைப் புரட்டும். சிறுத்தை ராஸ் மணலிலும் பாறையிலும் உள்ள சின்னஞ்சிறு உயிர்களைப் பொறுக்கித் தின்று வாழ்வது, ஆறு மாதத் தொட்டியில் அதற்குப் பட்டினிதான். மருத்துவ ராஸ், அதாவது மற்ற மீன்களின் உடலில் ஒட்டுண்ணி பொறுக்கும் லாப்ராய்டஸ் டிமிடியேட்டஸ், என்னை மிகவும் வருத்தும் மீன். கடலில் அதைத் தேடி மீன்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வீட்டுத் தொட்டியில் இரண்டு மூன்று மீன்கள் அதற்கு எத்தனை நாள் சாப்பாடு போட முடியும்? பெரும்பாலும் மெலிந்து செத்துப்போகிறது. அந்த மீன் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துத் தன் கழுத்தடியில் இட்ட குறியைத் தேய்க்க முயன்றதாக 2019-ல் பிளாஸ் பயாலஜி இதழில் ஆய்வு வந்தது. அதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு அதைப் படித்தபின் கடைத் தொட்டியில் அந்த மீனைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

என் மீன் செத்த அன்று அலுவலகத்தில் முகம் வாடி உட்கார்ந்திருந்தேன். காரணம் கேட்ட மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சிரித்தார். "மீனுக்குப் போயா?" என்றார். நாய் செத்தால் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்கிறார்கள், அது சரிதான். மீனை நாலு நாள் தேடியவனுக்கு மட்டும் ஏன் சிரிப்பு? அதே மனிதர்தான் அந்த ஆண்டு என் விடுப்பு விண்ணப்பத்தை மூன்று முறை காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினார். இதற்கும் ராஸுக்கும் தொடர்பில்லை, தெரியும். ஆனால் அந்த வாரத்தை நினைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

ஓராண்டு வேறு மீன் வாங்கவில்லை. பிறகு மணலை மாற்றினேன். மென்மையான, நுண்ணிய மணல், தொட்டியின் பாதிப் பரப்புக்கு ஏழு சென்டிமீட்டர் ஆழம். உடைந்த பவளத்துண்டுகள் கலந்த கரடான மணல் கூடாது, பாயும்போது தோலைக் கிழிக்கும். புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் வைத்தேன். அங்கே ஒட்டுண்ணிக்குச் செம்பு மருந்து தருவதாக இருந்தால் சுண்ணாம்பு மணல் வைக்காதீர்கள், அது செம்பை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா மணல் வையுங்கள். மூடிக்கு அலுமினியச் சட்டத்தில் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை கட்டினேன். வயர் போகும் மூலையையும் விடவில்லை. ராஸ் மீன்களுக்கு எவ்வளவு சின்ன இடைவெளியும் வாசல்தான். விளக்கு எரியும்போதும் அணையும்போதும் மற்றொரு மீன் துரத்தும்போதும் துள்ளும்.

பிறகு அதே மெலனூரஸ், மறுபடி பெண். அதுவும் வந்த உடனே புதைந்தது. ஆறு நாள். நான் குழாயைக் கையில் எடுக்கவில்லை. தினமும் மாலை கொஞ்சம் மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்த் தீனி) கரைத்து விட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஏழாம் நாள் மணலுக்கு மேல் இரண்டு கண்கள் தெரிந்தன.

இப்போது மூன்றாவது ஆண்டு. முதல் ஆண்டு முடிவதற்குள் முதுகுத் துடுப்பின் புள்ளி மங்கத் தொடங்கியது. கன்னத்தில் பச்சையும் ரோஜா நிறமுமாகக் கோடுகள் எழுந்தன, உடலில் நீலம் ஏறியது. பெண்ணாக வந்தது ஆணாக மாறிவிட்டது. ராஸ் குடும்பத்தில் இது இயற்கை. மருத்துவ ராஸின் கூட்டத்தில் ஆண் மறைந்தால் பெரிய பெண் ஆணாக மாறுவதை 1972-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் புத்தகத்தில் படிப்பது வேறு, தன் வீட்டில் வாரம் வாரமாக ஒரு மீன் வேறு மீனாவதைப் பார்ப்பது வேறு. பவளத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த தட்டைப்புழுக்களும் குறைந்துவிட்டன. இது தின்றதால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றைக் கொத்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விளக்கு அணைவதற்கு இருபது நிமிடம் முன்பே அது அந்த மூலைக்குப் போய்விடும். இரண்டு முறை வட்டமிடும், பக்கவாட்டில் சாயும், பிறகு மணல் மட்டும் லேசாக அசையும்.

வாங்குவதற்கு முன் உங்கள் தொட்டியின் நீளம், மணலின் ஆழம், மேலே என்ன மூடியிருக்கிறீர்கள், ஏற்கெனவே என்ன மீன்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன். வாங்கிவிட்டீர்கள், மீனைக் காணவில்லை என்றால், தயவுசெய்து தோண்டாமல் எழுதுங்கள்.