யானைக்கு எதற்குச் செயற்கைக் கால்?

கேள்வி: தாய்லாந்தில் கண்ணிவெடியில் கால் போன யானைக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்களாமே? மனிதர்கள் எத்தனையோ பேர் கால் இல்லாமல் தவிக்கும்போது இது வீண் ஆடம்பரம்தானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலைச் செய்தவர் யார் என்று தெரிந்தால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். தெர்ட்சாய் ஜீவகேட் என்ற எலும்பு மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாகக் கால் செய்துகொடுக்க 1992லேயே ஓர் அறக்கட்டளைக்கு வழிசெய்தவர். தூக்கிப்போட்ட தயிர் பாட்டில் பிளாஸ்டிக்கைக்கூட விடாமல் காலாக்கினார். ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மகசேசே விருதை 2008இல் பெற்றார். யானை அவரிடம் வருவதற்குள் ஆயிரக்கணக்கான மனிதர்கள் வந்துபோய்விட்டார்கள். யார் பங்கையும் பிடுங்கி யானைக்குக் கொடுக்கவில்லை.

சரி, யானை மூன்று காலோடு இருந்துவிடக் கூடாதா? நாய் இருந்துவிடும், ஓடவும் செய்யும். யானையால் முடியாது. அதன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதில் ஒன்று போனால் முதுகெலும்பு ஒருபக்கமாக வளையும், மிச்சமுள்ள கால்களின் மூட்டுகள் கெடும். கடைசியில் யானையே போய்விடும்.

யானையின் பாதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். வெளியே உரல் மாதிரி தட்டையாக இருக்கும். உள்ளே எலும்புகள் விரல் நுனியில் எம்பி நிற்கின்றன. குதிகாலுக்கு அடியில் கனமான கொழுப்பு மெத்தை. ஊன்றும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். சேற்றில் புதைந்த காலை அது லேசாக உருவிக்கொள்வது அதனால்தான். இப்படி ஒரு பாதத்துக்குப் பதிலாக ஒன்றைச் செய்ய வேண்டும், அதுவும் வளர்ந்துகொண்டே இருக்கிற உடம்புக்கு!

மோஷா என்ற அந்தக் குட்டி 2006இல் மியான்மர் எல்லையருகே வெடியில் சிக்கியபோது அதற்கு ஏழு மாதம். வட தாய்லாந்தின் லம்பாங்கில் உள்ள யானை மருத்துவமனையில் வைத்துக் காப்பாற்றினார்கள். அப்புறம் பிள்ளைகளுக்குச் செருப்பு மாற்றுவது போல மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 2016இல் மோஷாவின் எடை இரண்டு டன், போட்டிருந்தது ஒன்பதாவது கால்.

அதே மருத்துவமனையில் இருந்த மோட்டாலா, மரம் இழுத்துப் பிழைத்த யானை. 1999இல் வெடியை மிதித்தது. நிரந்தரக் கால் கிடைத்தது 2009இல்தான். அதற்கு முன் சில வருடம் தற்காலிகக் கால் ஒன்று இருந்தது; அதுவும் வருவதற்குமுன் பல வருடம் அந்தக் கனத்தை மூன்று காலில் சுமந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

வீண் செலவு பற்றிய உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான். அதை வெடி புதைத்தவர்களிடம் கேளுங்கள். கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1997இல் வந்தது. தாய்லாந்து அதில் சேர்ந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மியான்மர் சேரவில்லை.