சீனியர் அணியா, சின்னப் பசங்களா?

கேள்வி: மாவட்டக் கால்பந்து லீக்கில் பல வருடமாக மிட்ஃபீல்டில் ஆடுகிறேன். வயது 31, முட்டி ஒத்துழைக்கவில்லை. சீனியர் அணிக்கே கோச்சாக வரச் சொல்கிறது என் கிளப். பக்கத்துப் பள்ளியிலும் 13 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் தேடுகிறார்கள். எதை எடுப்பது?

பதில்: பசங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காசு குறையும், தெரியும்.

உங்களைப் போலவே பின்னாலிருந்து பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்தியவர் இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ. 2020 ஜூலை இறுதியில் அவரை 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு கோச்சாக அறிவித்த இத்தாலிய கிளப் யுவென்டஸ், ஒரு போட்டிகூட நடக்கும் முன்னரே சீனியர் அணியைக் கையில் கொடுத்துவிட்டது. தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றிருந்த அணி நான்காம் இடத்துக்கு வந்தது. இத்தாலியக் கோப்பையை வென்றும் 2021-ல் வேலை போயிற்று.

ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ உலகக் கோப்பை, இரண்டு யூரோ கோப்பை, இரண்டு சாம்பியன்ஸ் லீக் எல்லாம் வென்று 2017-ல் ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெயர் இருந்தும் 2018-ல் போய் நின்றது ரியல் மாட்ரிடின் 14 வயதுக்குட்பட்ட பசங்களிடம். அப்புறம் மூன்று வருடம் ரியல் சோசியடாட் என்ற ஸ்பெயின் கிளப்பின் பி அணி, அதாவது இரண்டாம் அணி. 2021-ல் அதை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். ஜெர்மனியின் மான்ஷன்கிளாட்பாக் கிளப்புக்குப் போகிறார் என்று அப்போது பலமாகப் பேச்சு அடிபட்டது. அவரோ பி அணியிலேயே ஒப்பந்தத்தை நீட்டித்தார். மறு வருடமே அணி மறுபடி கீழே இறங்கிவிட்டது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அதிகம் பேர் பார்க்காத இடத்தில் தோற்றுக் கற்றுக்கொண்டார். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் அணி அவரிடம் வந்தபோது அது கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. 2023-24-ல் அதே அணி 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்றது. ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்காதது.

பசங்களிடம் கற்க என்ன இருக்கிறது? உங்கள் காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது. 'பார்த்து ஆடுடா' என்று கத்தினால் பையன் முழிப்பான். பந்து வருவதற்குள் எந்தத் தோளுக்குப் பின்னால் பார்க்கணும், எந்தக் காலில் வாங்கினால் முன்பக்கம் திரும்ப முடியும் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, டேக்கிளை முதல் பாடமாக வைக்காதீர்கள். அலோன்சோ முன்பு ஆடிய இங்கிலாந்து கிளப் லிவர்பூலில் இளம் வீரர்கள் அதைத் தங்கள் பலமாகச் சொன்னது அவருக்குப் பிடிபடவே இல்லை. அவருக்கு அது கடைசி வழி. சரியான இடத்தில் நிற்கப் பழகினால் விழுந்து பறிக்கும் தேவை குறையும். மண் தரையில் ஆடும் பசங்களின் முட்டிக்கும் நல்லது.

கூடவே ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு) தரும் டி கோச்சிங் சான்றிதழில் தொடங்கி சி லைசென்ஸுக்குப் போங்கள். பி, ஏ, ப்ரோ எல்லாம் பிறகு. கிளப்பிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம். உதவி கோச்சாக வாரக் கடைசியில் வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நேற்றுவரை கூட ஆடியவனை பெஞ்சில் உட்காரவைக்கும் சங்கடம் அப்போது தலைமை கோச்சின் பாடு.