விக்கியில் ஒரு பக்கத்தின் உரையைத் தொடாமல் அதற்கு மட்டும் தனி ஸ்டைல் கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். உங்கள் விக்கி மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பலர் இதற்காகப் புது வார்ப்புரு (பல பக்கங்களில் செருகும் உரைத்துண்டு), புது நீட்சி (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) என்று தேடி அலைகிறார்கள். ஆனால் அதற்கான பிடி ஒவ்வொரு பக்கத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

உலாவியில் பக்கத்தின் எச்டிஎம்எல் மூலநிரலைத் திறந்து, உள்ளடக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் 'பாடி' குறிச்சொல்லைப் பாருங்கள். அதில் வரிசையாகச் சில கிளாஸ்கள், அதாவது ஸ்டைல் விதிகள் பிடித்துக்கொள்ளும் பெயர்கள், இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகப்பை எடுத்துக்கொண்டால், அங்கே 'பேஜ்-முதற்_பக்கம்' என்று ஒன்று இருக்கும் ('பேஜ்' மட்டும் ஆங்கில எழுத்தில், தலைப்பு தமிழிலேயே வரும்). பெயர்வெளிக்கு (கட்டுரை, பயனர், வார்ப்புரு என்று பக்கங்களைப் பிரிக்கும் வகை) ஓர் எண், 'ஆக்‌ஷன்-வியூ' என்று பார்க்கும் நிலைக்கு ஒன்று, துணைப்பக்கமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள அதன் தாய்ப்பக்கத்தைச் சொல்லும் 'ரூட்பேஜ்' என்று ஒன்று. இவற்றை மென்பொருளே தருகிறது. பக்கத்தை எழுதியவர் எதுவும் செய்யத் தேவையில்லை.

இனி அந்த கிளாஸைப் பிடித்து ஸ்டைல், அதாவது சிஎஸ்எஸ் என்ற தோற்ற விதி, எழுத வேண்டியதுதான். முகப்பில் மேலே வரும் பெரிய தலைப்பை மறைக்க வேண்டும் என்றால், அந்த பேஜ் கிளாஸுக்குள் இருக்கும் 'ஃபர்ஸ்ட்ஹெடிங்' கிளாஸுக்கு டிஸ்ப்ளே நன் கொடுத்தால் போதும். ஆனால் இதோடு விட்டால் வரலாற்றையோ தொகுப்புப் பெட்டியையோ திறக்கும்போதும் தலைப்பு காணாமல் போய்விடும், ஏனென்றால் அங்கேயும் பாடிக்கு அதே பேஜ் கிளாஸ்தான். அதனால் 'ஆக்‌ஷன்-வியூ'வையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் ஒரே குறிச்சொல்லின் கிளாஸ்கள் என்பதால் நடுவில் இடைவெளி விடக் கூடாது. விட்டால் ஒன்றுக்குள் இன்னொன்றைத் தேடும், எதுவும் நடக்காது.

கிளாஸ் பெயரைத் தலைப்பைப் பார்த்து நீங்களாக எழுதாதீர்கள், மூலநிரலிலிருந்து நகலெடுங்கள். இடைவெளி, அடைப்புக்குறி, முக்காற்புள்ளி எல்லாம் அடிக்கோடாக மாறும்; அடுத்தடுத்து வரும் அடிக்கோடுகள் ஒன்றாகச் சுருங்கும்; கடைசியில் வருவது வெட்டப்படும். 'முல்லை (திணை)' என்ற தலைப்பு 'முல்லை_திணை' என்றுதான் வரும். அடைப்புக்குறி இல்லாமல் 'முல்லை திணை' என்று இன்னொரு பக்கம் இருந்தால் அதுவும் இதே ஸ்டைலில் மாட்டிக்கொள்ளும். தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 'ொ' என்ற குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், உலாவிக்கு வேறு வேறு. விக்கிக்குள் சேமிப்பதை மீடியாவிக்கி ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஆனால் சர்வரில் உள்ள கோப்பிலோ உலாவி நீட்சியிலோ எழுதினால் அந்த உதவி கிடையாது. விதி சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, எங்கே எழுதுவது? உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் 'காமன்.சிஎஸ்எஸ்' என்ற துணைப்பக்கம். விக்கிப்பீடியாவில் இது உடனே வேலை செய்யும். சொந்தமாக நிறுவிய விக்கியில் 'அலவ் யூசர் சிஎஸ்எஸ்' அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், அதை இயக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றால் மீடியாவிக்கி பெயர்வெளியில் உள்ள 'காமன்.சிஎஸ்எஸ்'. 2018 முதல் அதைத் தொகுக்க இடைமுக நிருவாகி அணுக்கம் (உரிமை) வேண்டும், சாதாரண நிருவாகியால் முடியாது.

இந்தப் பொதுக் கோப்பில் எதையும் சேர்க்கும் முன் நன்றாக யோசியுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். அது அநேகமாக எல்லாப் பக்கத்திலும் எல்லா வாசகருக்கும் இறங்குகிறது. ஒரு பக்கத்துக்கான பத்து வரியை, அந்தப் பக்கத்துக்கு ஒருநாளும் வராதவரின் உலாவியும் சுமக்கிறது. ஓரிரு பக்கம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால், சர்வர் உங்கள் கையில் இருக்கிற பட்சத்தில், 'பிஃபோர்-பேஜ்-டிஸ்ப்ளே' ஹுக்கில் (பக்கத்தைக் காட்டும் முன் உங்கள் நிரலை ஓடவிடும் இடம்) தலைப்பைச் சோதித்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஸ்டைல் தொகுதியை ஏற்றுங்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான். வார்ப்புருவோடு ஸ்டைலை இணைக்கும் 'டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ்' நல்ல நீட்சிதான், ஆனால் அதற்குப் பக்கத்திலோ அது அழைக்கும் வார்ப்புருவிலோ ஒரு குறிச்சொல் இட வேண்டும். உரையைத் தொடக் கூடாது என்பதுதானே உங்கள் நிபந்தனை.

அந்த நிபந்தனை நியாயமானது என்றே நினைக்கிறேன். தோற்றத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு தொகுப்பும் வரலாற்றில் ஏறும், கவனிப்புப் பட்டியல் வைத்திருப்பவர்களைத் தட்டி எழுப்பும். கட்டுரையை எழுதியவர் அடுத்த முறை திறக்கும்போது தன் வாக்கியங்களுக்கு நடுவே நிறமும் அளவும் கிடக்கும்.

அப்புறம், பக்கத்தை வேறு தலைப்புக்கு நகர்த்தினால் கிளாஸும் மாறிவிடும், உங்கள் விதி சத்தமில்லாமல் செத்துப்போகும். வழிமாற்று இதற்குக் கைகொடுக்காது, ஏனென்றால் அது கொண்டு சேர்க்கும் பக்கத்தின் பெயர்தான் கிளாஸில் வரும். எனவே விதிக்கு மேலே எந்தப் பக்கத்துக்கு, எதற்காக என்று ஒரு வரி குறிப்பு எழுதி வையுங்கள். புகுபதிகை, விருப்பத்தேர்வுகள் போன்ற சில பக்கங்களில் மட்டும் 'காமன்.சிஎஸ்எஸ்' வழி செல்லாது. பாதுகாப்புக்காக அங்கே தளத்தின் பொது ஸ்டைலை மீடியாவிக்கி இயல்பாக ஏற்றுவதில்லை.