துருத்தியைப் பேரன் அமுக்கட்டும்

கேள்வி: மாமியார் தவறி எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் டிவி சத்தமும் தட்டுச் சத்தமும்தான். மாமா திண்ணையை விட்டு எழுவதில்லை. ஒன்பதாவது படிக்கும் மகனும் அவன் அப்பாவும் மார்க் விஷயத்தில் முட்டிக்கொண்டு, முகம் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். மாமா ஒரு காலத்தில் மார்கழி பஜனைக்கு ஹார்மோனியம் வாசித்தவர். பெட்டி பரணில் கிடக்கிறது. அதை இறக்கி எல்லோரும் சேர்ந்து பாடினால் வீடு தேறுமா? எனக்கோ குரலே கிடையாது.
— வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

இறக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். ஆனால் நீங்களே துடைத்து வைத்துவிடாதீர்கள். மாமா கண்முன்னே மகனை இறக்கச் சொல்லுங்கள். அவன் ஈரத்துணியை எடுத்தாலே போதும், "தண்ணி படக்கூடாதுடா!" என்று திண்ணையிலிருந்து குரல் வந்துவிடும்.

சும்மா கிடந்த பெட்டியில் காற்றடிக்கும் துருத்தியின் மடிப்பு விட்டிருக்கலாம், ஒன்றிரண்டு கட்டை அமுங்கியபடியே நின்றுவிடலாம். பயப்படாதீர்கள், சரிசெய்துவிடலாம். மதுரை வாத்தியக் கடைகளில் விசாரித்தால் ஆள் சொல்வார்கள். அப்பாவும் மகனும் பைக்கில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போய் வரட்டும். அன்று மார்க் பேச்சு வேண்டாம் என்று கணவரிடம் மட்டும் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

ஹார்மோனியத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு கை துருத்தியை அமுக்க, இன்னொரு கை கட்டையில் ஓடும். வயதானவருக்கு இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் அசந்துவிடும். அதனால் துருத்தியைப் பேரன் அமுக்கட்டும். வேகமாக அமுக்கினால் சத்தம் அலறும், மறந்தால் பாட்டு நடுவிலேயே செத்துவிடும். தாத்தாவின் விரலைப் பார்த்துக்கொண்டே, அவர் மூச்சு வாங்கும் இடத்தைக் கவனித்துக்கொண்டேதான் அமுக்க முடியும். "தாத்தாவோடு கொஞ்ச நேரம் உட்காருடா" என்று நூறு தடவை சொல்லியும் நடக்காதது இதில் தானாக நடக்கும். கணவர் கையில் ஜால்ராவைக் கொடுங்கள். அவர் மகனுக்குத் தாளம் பிடிக்க, மகன் அவருக்குச் சுருதி பிடிக்க, பேசாமலேயே ஒருவருக்கொருவர் காது கொடுத்தாக வேண்டும்.

இதற்கு உடம்பிலும் காரணம் இருக்கிறது. பாடும்போது மூச்சை நீளமாக, மெதுவாக விடுகிறோம். அப்படி விடும்போது இதயத் துடிப்பு தணியும். சேர்ந்து பாடினால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மூச்சு எடுப்போம். 2013-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து பாடியவர்களை அளந்து பார்த்தபோது, அவர்களின் இதயத் துடிப்பும் பாட்டோடு ஒன்றாக ஏறி இறங்கியது.

அப்புறம், உங்களுக்குக் குரல் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பாடும் சுருதியின் உயரத்தையும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். மாமா ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடியிருப்பார். பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டைப் பக்கம்தான் சுகம். அவர் சுருதியில் பாடிப் பார்த்துத்தான் பலர் 'எனக்கு வராது' என்று வாயை மூடிக்கொள்கிறோம். "மாமா, எனக்குத் தகுந்த கட்டை எது?" என்று கேளுங்கள். இத்தனை மாதத்தில் அவரிடம் யாராவது எதையாவது கற்றுக்கொள்ளக் கேட்டார்களா? அதுவும் வேண்டாமென்றால் நம் ஊர் முளைப்பாரிக் கும்மி இருக்கிறதே. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டித் திருப்பிச் சொல்வது. அதற்கு யார் வகுப்புக்குப் போனார்கள்?

வகுப்பு என்றதும் ஒன்று. மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு வீணை வாசித்த அம்மா சண்முகவடிவுதான் முதல் குரு. அது கச்சேரிக்கு ஆளாக்கிய வீடு. உங்களுக்கு இது அந்த வேலை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம், ஒரே பாட்டு. தப்பைத் திருத்த வேண்டாம், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம்.

மாமியாருக்குப் பிடித்த பாட்டை நீங்களாகக் கேட்காதீர்கள். ஒரு நாள் மாமாவே எடுப்பார், பாதியில் குரல் உடையும். உடனே தண்ணீர் கொண்டு ஓடாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். பையனும் துருத்தியை நிறுத்த வேண்டாம். ஸட்ஜத்தில், அதாவது 'ஸ' கட்டையில், ஒரு விரலை வைத்துச் சுருதியை மெல்ல ஓடவிடட்டும்.

ஒரு மாதம் பாருங்கள். ஆனால் அவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டிருந்தாலோ, 'நான் எதற்கு இருக்கிறேன்' என்கிற மாதிரி பேசினாலோ, ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உடனே கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெட்டி என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.