பிழை என்றால் தப்பா?

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதை கார்பன்-14 முறையில் கணிப்பது என் வேலை. அடுத்த மாதம் ஒரு பல்துறைக் கருத்தரங்கில் 15 நிமிடம் பேச வேண்டும். தொல்லியல், தமிழ், நிலவியல், வேதியியல் என எல்லாத் துறையினரும் வருகிறார்கள். கைடு சொன்னதையெல்லாம் சேர்த்ததில் 42 ஸ்லைடு ஆகிவிட்டது. எளிமையாகப் பேசினால் என் துறைக்காரர்கள் சிரிப்பார்கள், விளக்கமாகப் பேசினால் மற்றவர்கள் தூங்குவார்கள். என்ன செய்வது?
- ஆய்வு மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

42 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு 21 விநாடி. தலைப்பைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். முதலில் வாய்பாடுகளைத் தூக்குங்கள். உயிர் போனதும் உடலில் புதிதாகச் சேராத கார்பன்-14, 5730 ஆண்டுகளில் பாதியாகிவிடும் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்டு லிபி 1960இல் நோபல் வாங்கிய கதையும் வேண்டாம். கருவியின் படமும் வேண்டாம் (வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஆய்வகக் கருவியும் பீரோ மாதிரிதான் இருக்கிறது).

மிச்சமாகும் நேரத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள். பல்துறை அரங்கில் தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் காலை வாரும். தெரியாத சொல் வந்தால் யாராவது கை தூக்கிக் கேட்பார்கள். தெரிந்த சொல் என்றால் அவரவர் பொருளை வைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள்.

உங்கள் முடிவு 2450 ± 30 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ‘பிழை 30’ என்பீர்கள். முன்வரிசைத் தமிழ்ப் பேராசிரியருக்குப் பிழை என்றால் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியது! என் முதல் பல்துறைக் கூட்டத்தில் இது நடந்தது. ‘பிழையைக் கணக்கிட்டோம்’ என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, “பிழை என்று தெரிந்தும் ஏனம்மா கொண்டுவந்தீர்கள்?” என்றார். அரங்கே சிரித்தது, மீதி நேரம் அந்தச் சமாதானத்திலேயே போயிற்று. ‘முப்பது வருஷம் முன்னே பின்னே’ என்று சொல்லிப் பாருங்கள், சண்டை வராது.

அடுத்தது ‘இன்றைக்கு முன்’. 2450 ஆண்டுகளுக்கு முன் என்றதும் பாதிப் பேர் இந்த வருஷத்திலிருந்து கழிப்பார்கள். உங்கள் துறையில் ‘இன்று’ என்பது 1950. அதைச் சொல்லிவிட்டால் உடனே கி.மு. 500 என்று குறித்துக்கொள்வார்கள், அதுவும் சரியில்லை. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மரவளையங்களை வைத்து வரைந்த திருத்த வளைகோட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும். கி.மு. 800இலிருந்து 400 வரை அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது, அதாவது அந்த நானூறு வருஷத்துப் பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கார்பன் வயதைக் காட்டும். நீங்கள் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த 2450, கி.மு. 750 சுமாரிலிருந்து 400 சுமார் வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். கீழடியின் ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தபோது ஊரே பேசியதே, அதுவும் இந்தத் தட்டைக்குள்தான் வருகிறது. நாம் அதிகம் வாதாடும் நூற்றாண்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் முறை மங்கலாகிறது. உங்கள் உரையே இதுதான். இந்த ஒரு படத்துக்கு 5 நிமிடம் கொடுங்கள். உங்கள் துறைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் தலைவலி அதுவே.

தொல்லியல்காரர்கள் கரியைப் பற்றிக் கேட்பார்கள். வைரம் பாய்ந்த கட்டையின் உள்பகுதி வளர்ச்சியை எப்போதோ நிறுத்தியிருக்கும். அதை எரித்த கரி, அடுப்பு மூட்டிய நாளைவிட வயது கூடுதலாகக் காட்டும். தச்சரிடம் சொன்னாலும் புரிகிற விஷயம். உமி, தானியம் போல ஒரு பருவமே வாழ்ந்த பொருள் அதே மண்ணடுக்கில் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மாதிரியை அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவிய விவரமெல்லாம் நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கட்டும். கேள்வி வந்தால் காட்டலாம். கைடிடமும் ‘எடுக்கவில்லை சார், பின்னால் வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹாஸ்டலில் பி.காம். படிக்கும் பெண் யாரையாவது உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், பாவம், ஆமாம் என்றுதான் சொல்லும். மறுநாள் மெஸ்ஸில் இன்னொருத்தியிடம் உங்கள் ஆய்வைச் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வு என்றால் உங்கள் 15 நிமிடம் 10 ஆகிவிடும். எதை விடுவது என்று இப்போதே குறித்துவையுங்கள். வைரக் கட்டையை விடலாம், எப்படியும் யாராவது கேட்பார்கள். வளைகோட்டை விடாதீர்கள்.