அமெரிக்காவில் ஒருவரைக் கைது செய்தால் வழக்கு எப்படிப் போகும்? படங்களில் வருவதுபோல் எல்லாமே ஜூரி (தீர்ப்புச் சொல்ல அழைக்கப்படும் பொதுமக்கள் குழு) முன்னால்தான் நடக்குமா?

நடக்காது. ஜூரி வரைக்கும் போவது ரொம்பக் கொஞ்சம். உச்ச நீதிமன்றமே 2012-ல் ஒரு தீர்ப்பில் கணக்கைச் சொல்லியிருக்கிறது: மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளி என்று ஆனவர்களில் 97 சதவீதம் பேரும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம் பேரும் தாங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது. ப்ளீ பார்கெயின் என்பார்கள். அதாவது, குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுத் தரப்போடு போடும் பேரம்.

முதலில் போலீஸ். நாடு முழுக்க ஒரே போலீஸ் என்று எதுவும் இங்கே இல்லை. சுமார் 18,000 அமைப்புகள் இருக்கின்றன. நகரத்துக்கு ஒன்று, கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதிக்கு, ஒரு ஷெரிஃப் (பெரும்பாலும் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்), மாநிலத்துக்குத் தனி. எஃப்பிஐ மத்தியச் சட்டக் குற்றங்களுக்கு மட்டும். கடையில் திருடினாலோ குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலோ அது மாநிலச் சட்டம், உள்ளூர் போலீஸ்.

கைது செய்ததும் "நீங்கள் பேசாமல் இருக்க உரிமை உண்டு" என்று சொல்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1966-ல் மிராண்டா என்பவரின் வழக்கில் வந்த தீர்ப்பின் விளைவு அது. அதைச் சொல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், தவறு. காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை அரசுத் தரப்பு தன் சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவுதான். அந்த மிராண்டாவையே வாக்குமூலம் இல்லாமல் மறுபடி விசாரித்து மறுபடி தண்டித்தார்கள். இன்னொன்று, சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த உரிமையைப் பயன்படுத்தியதாக ஆகாது. "நான் பேச விரும்பவில்லை, வக்கீல் வேண்டும்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்பது 2010 தீர்ப்பு.

வாரண்ட் இல்லாமல் பிடித்தால், கைதுக்குப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்த்தாக வேண்டும். அப்புறம் ஜாமீன். முழுத்தொகையும் கையில் இல்லாதவர்கள் ஜாமீன் முகவரிடம் போவார்கள். அவர் வழக்கமாகப் பத்து சதவீதம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பார், அந்தப் பணம் திரும்ப வராது. இல்லினாய் மாநிலம் மட்டும் 2023-ல் பண ஜாமீனையே முழுசாக எடுத்துவிட்டது. மற்ற பல இடங்களில் பணம் கட்ட முடியாதவர் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். உள்ளே கிடப்பவரிடம் "ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

இந்த இடத்தில்தான் அரசு வழக்கறிஞர் வருகிறார். என்னைக் கேட்டால் இந்த அமைப்பில் நீதிபதியைவிட அதிகாரம் அவருக்குத்தான். பெரும்பாலான மாநிலங்களில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது உள்ளூர்த் தலைமை அரசு வழக்கறிஞர், என்பது தேர்தலில் நின்று ஜெயிக்கும் பதவி. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, எதை விடுவது என்பதெல்லாம் அவர் கையில். கென்டக்கியில் பால் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 செண்டுக்கு ஒரு போலி செக்கை மாற்றிவிட்டார். ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், மறுத்தால் பழைய குற்றங்களையும் சேர்த்து திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டத்தில் போடுவேன் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை. 1978-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இதில் அரசியல் சாசன மீறல் இல்லை என்றது. இன்றைக்கும் பேரம் நடப்பது அந்தத் தீர்ப்பின் நிழலில்தான்.

குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கும் ஜூரி பணிக்குக் கடிதம் வந்தது. காலையிலேயே போய்க் காத்திருப்பு அறையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அலுவலர் ஒருவர் வந்து, வழக்கு முடிந்துவிட்டது, எல்லோரும் கிளம்பலாம் என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஜூரி வந்து உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்ததும் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

ஜூரிக்கு வழக்கு உண்மையிலேயே போய்விட்டால் அது பலமான பாதுகாப்புதான். பெரிய குற்றமென்றால் தண்டிக்க அத்தனை பேரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். லூசியானாவும் ஓரிகனும் மட்டும் பெரும்பான்மை போதும் என்று வைத்திருந்தன, 2020-ல் அதுவும் போனது. ஜூரி விடுவித்துவிட்டால், நம்மூரில் போகிற மாதிரி இங்கே அரசு அப்பீல் போக முடியாது.

வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால்? ஃப்ளோரிடாவில் கிடியன் என்பவர் சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவால் 1963-ல் வந்த தீர்ப்பின்படி, பெரிய குற்ற வழக்குகளில் அரசே வக்கீல் தர வேண்டும். அவருக்கே வக்கீலோடு மறுவிசாரணை நடந்து விடுதலை கிடைத்தது. ஆனால் பல ஊர்களில் இப்படி அரசு தரும் வக்கீல் ஒருவரின் தலையில் அளவுக்கு மீறி வழக்குகள். அதனாலும் பேரம்.

கடைசியாக, விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் படியா என்பவரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் போனவர். எனவே கையெழுத்துப் போடும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த இன்னொரு வக்கீலையும் கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதம் ஒழுங்காக இருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம் என்று மாநில நீதிமன்றம் சொல்லலாம். அப்படித் தள்ளுபடியானதைக்கூடக் குடிவரவுச் சட்டம் பல நேரங்களில் குற்றத்தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும்.