நிலாவெளி வெங்காயத் தோட்டம்: உவர்த்த கிணற்றை ஆழமாக்கலாமா?

கேள்வி:
ஐயா, நிலாவெளியில் முக்கால் ஏக்கர் மணல் காணியில் சின்ன வெங்காயம் செய்கிறேன். அப்பா காலத்துக் கிணறு, 14 அடி. இரண்டு அங்குல மிஷின் பூட்டி, காலையில் மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சாக இறைப்பேன். இரண்டு வருடமாக ஆடி மாதம் வந்தால் தண்ணீர் உவர்க்கிறது, வெங்காயத் தாள் நுனி கருகுகிறது. கன்னியாப் பக்கம் மாமா குழாய்க் கிணறு அடித்தார், அவருக்கு நல்ல தண்ணீர். நானும் கிணற்றுக்குள்ளேயே 60 அடிக்குக் குழாய் இறக்கலாமா? வீட்டுப் பாவனைக்கும் இதே தண்ணீர்தான்.

பதில்:
தம்பி, இறக்காதீர்கள். யாருக்காவது முற்பணம் கொடுத்திருந்தால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மாமாவின் காணிக்குக் கீழே இருப்பது கருங்கல். அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில் நிற்கிறது, ஆழம் போனால் நல்ல வெடிப்பு அகப்படலாம். உங்கள் காணி அப்படியில்லை. கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் மணல். மாரியில் விழுகிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர் நீரின் மேல் தோணி மாதிரி மிதக்கிறது. நல்ல தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, கடல் நீர் ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.025 கிலோ. அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் உங்கள் கிணறு பிழைக்கிறது. கணக்கு இதுதான்: நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் அது உவரைத் தள்ளிப் பிடித்திருக்கும். கோடையில் மட்டம் ஒரு அடிதான் உயர்ந்து நிற்கிறது என்று வையுங்கள். 60 அடிக் குழாயின் வாய் எங்கே போய் நிற்கும்? உவருக்குள்தான்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மூன்று மணித்தியாலம் விடாமல் இறைக்கும்போது கிணற்றடியில் மட்டம் புனல் மாதிரி இறங்கும். மேலே இறங்குகிற ஒவ்வொரு அடிக்கும் கீழேயிருந்து உவர், கறையான் புற்று எழும்புவது போல, பல மடங்கு எழும்பி வரும். மிஷினை நிறுத்தினால் அது உடனே போய்விடாது, ஏறியதைவிட மெதுவாகத்தான் இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் இதைக் கண்ணால் பார்த்தோம். கடல் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்குவோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழிருந்த உவரும் மேலே வந்து சேர்ந்தது. கடைசியில் மாரி மழைதான் அதைக் கழுவியது.

சரி, உங்கள் கிணற்றில் உவர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு சோடாப் போத்தலின் கழுத்தில் கயிறும், அடியில் ஒரு கல்லும் கட்டுங்கள். வாயில் தக்கையை அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். விடிய, மிஷின் போடுவதற்கு முன், போத்தலை அடிவரைக்கும் இறக்கி நூலைச் சுண்டுங்கள். தக்கை கழன்று குமிழி வரும், அது நின்றதும் தூக்குங்கள். இன்னொரு போத்தலில் மேல் தண்ணீர். இரண்டையும் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், மின்கடத்துதிறனை எங்கே அளப்பது என்று வழிகாட்டுவார். தண்ணீரில் உப்புக் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். ஒரு மீற்றருக்கு டெசிசீமன்ஸ் என்ற அளவில் எண் தருவார்கள். 0.8 வரைக்கும் வெங்காயத்துக்குப் பயமில்லை. 1.2 என்றால் விளைச்சலில் பத்தில் ஒன்று போகலாம், 1.8 என்றால் கால்வாசி, 2.9 என்றால் பாதி. மணலில் உப்பு கழுவுண்டு இறங்கிவிடுவதால் உங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பிப் பயிர் வைக்க வேண்டாம்.

மேல் தண்ணீர் நல்லது, அடித் தண்ணீர் உவர் என்று வந்தால் உங்கள் கிணறு இன்னும் பிழைக்கும். மிஷினின் உறிஞ்சு குழாய் இப்போது அடியில்தானே கிடக்கிறது? அதைத் தூக்கி, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கானில் கட்டி, வாய் மேல் மட்டத்திலிருந்து ஒன்றரை அடி கீழே தொங்கும்படி மிதக்க விடுங்கள். திறொட்டிலைக் குறையுங்கள். காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம், இடையில் கிணறு ஊறட்டும். குழாய்க் கிணற்றுக்கு வைத்திருந்த காசில் காணியின் மறு அந்தத்தில், கடலுக்கும் களப்புக்கும் தூரமாக, ஆழமில்லாத இன்னொரு கிணறு வெட்டுங்கள். கோடை மட்டத்துக்குக் கீழே மூன்று நான்கு அடி போதும். ஒரு கிணற்றில் ஆயிரம் வாளி அள்ளுவதைவிட இரண்டில் ஐந்நூறு ஐந்நூறாக அள்ளினால் உவர் அவ்வளவுக்கு எழும்பாது. என்னைக் கேட்டால், இந்தக் கரை முழுவதற்கும் இதுதான் சரியான முறை.

இறைப்பைக் குறைப்பதென்றால் மணல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். நன்றாக உக்கிய மாட்டெருவும் ஆட்டெருவும் தாராளமாகப் போடுங்கள். தூவல் குழாய் பூட்டினால் தண்ணீர் மிச்சம், ஆனால் உவர்த் தண்ணீரை வெயில் நேரத்தில் தாளில் தூவினால் நுனி இன்னும் கருகும். விடியவோ பொழுதுபட்டோ விடுங்கள். எண் 1.5ஐத் தாண்டினால் அந்தப் போகம் வெங்காயத்தைக் கால் ஏக்கருக்குக் குறைத்து, மிச்சத்தில் கச்சானோ கௌபியோ போடுங்கள். கச்சான் 2 வரைக்கும், கௌபி 3 வரைக்கும் குறையில்லாமல் தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உவரைவிட அது எனக்குக் கவலை தருகிறது. வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி, மணல் வழியே நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்றைக்கே வேறு தண்ணீருக்கு மாறுங்கள், பரிசோதனை அப்புறம். மேற்கட்டுப் பசளையை ஒரே தரத்தில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், போட்ட அன்று வெள்ளமாக இறைக்காதீர்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்டவா என்றும் பாருங்கள், அங்கிருந்தும் இதே நைத்திரேற்று வரும்.

மழையை விட்டுவிடாதீர்கள். திருகோணமலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் தை வரைக்குள் விழுந்துவிடுகிறது. காணியின் பள்ளத்தில் வெள்ளம் நிற்கிறதென்று வாய்க்கால் வெட்டிக் கடலுக்கு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அந்தத் தண்ணீர்தான் அடுத்த ஆடிக்கு உங்கள் வெங்காயத்துக்கு வர வேண்டியது. பள்ளத்தைத் தூர்க்காமல் விடுங்கள், மணல் ஏற்றவும் விடாதீர்கள்.

பக்கத்துக் காணிக்காரர்களையும் கூட்டிப் பேசுங்கள். வேலி மேலேதான், கீழே ஒரே தண்ணீர். கரையோர விடுதிகளின் மோட்டரும் அதைத்தான் இழுக்கிறது, அவர்களையும் கூப்பிடுங்கள். நீங்கள் ஒரு மணித்தியாலமாகக் குறைத்து, அடுத்தவர் நான்கு மணித்தியாலம் இறைத்தால் உவர் இரண்டு கிணற்றுக்கும்தான் வரும். இறைக்கும் நேரத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த கையோடு அதே போத்தலை அதே கிணற்றில் இறக்கி, இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சித்திரையில் எவ்வளவு வெங்காயம் நடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.